பட்டியல் இல்லாத பந்தி

உணவு விடுதிக்குள் நுழைந்ததும் நம் கண்கள் எதைத் தேடுகின்றன? பலகையில் இடப்பக்கம் இருக்கும் பலகாரத்தின் பெயரையா, வலப்பக்கம் இருக்கும் விலையையா? வசதியுள்ளவர் இடப்பக்கத்தைப் படிப்பார். பேருந்துக் கட்டணம் போக மிச்சத்தை எண்ணி வைத்திருக்கும் மாணவன் வலப்பக்கத்தைத்தான் படிப்பான். நான் இரண்டாம் வகை.

கடையநல்லூரில் நான் மதியம் சாப்பிடும் வீட்டில் பலகையே கிடையாது. முன்கூடத்தில் எட்டுப் பேருக்குத்தான் இடம். எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே சாப்பாடு. அது என்னவென்பது மட்டும் இலையில் விழும்வரை தெரியாது. "இன்னிக்கு என்ன குழம்பு ஆச்சி?" என்று கேட்டால், "இலையில வந்து விழும்லா, அப்பப் பாரு" என்பார்.

ஆச்சி வேண்டுமென்று மறைப்பதில்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்வரை அவருக்கே தெரியாது. சாரல் அடிக்கும் ஆடியில் ஒரு காய், வெயில் கொளுத்தும் சித்திரையில் வேறொரு காய். புளியங்குடி எலுமிச்சை மலிந்த வாரத்தில் ரசமும் எலுமிச்சை ரசமாகிவிடும். நம் நெல்லைச் சீமையில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் சொதி, கல்யாணம் எதுவும் இல்லாமலே திடீரென ஒரு நாள் இலைக்கு வரும். அன்று எங்களுக்குத் திருவிழாதான்! எட்டு இலைக்கு அளந்து சமைப்பதால் எதுவும் வீணாவதுமில்லை.

இதே வழக்கம் உலகின் பெருநகரங்களில் பெருஞ்செல்வர்களின் விருந்தாக இருக்கிறது. ஜப்பானியர் இதனை 'ஒமகாசே' என்பர். 'உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டேன்' என்பது பொருள். டோக்கியோவில் ஜிரோ ஓனோ என்ற சமையற்கலைஞர் புகழ் தேடித் தந்த கடையில் 10 இருக்கைகளே. அவரைப் பற்றி 2011இல் வந்த ஆவணப்படம் பல நாடுகளில் பேசப்பட்டது. அங்கும் அன்றைக்கு வாய்த்த மீனே விருந்து. பணம்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ஆனால் 'உங்கள் பொறுப்பு' என்ற சொல்லுக்கு நான் பொருள் கண்டது ஐப்பசி அடைமழை நாளொன்றில். மார்க்கெட்டுக்குக் காய் வரவில்லை. இலைக்குப் பதில் கிண்ணம் வந்தது. சுடுகஞ்சியும் காணத் துவையலும். ஒருவர் முகம் சுளித்தார். அவர் வாய் திறக்குமுன் ஆச்சி சொன்னார்: "இன்னிக்கு எல்லாரும் பாதி குடுத்தாப் போதும்யா." முகம் சுளித்தவர் மறுநாள் எங்களுக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தார்.

நண்பர்களே, விரும்பியதைக் கேட்டு உண்ணும் உரிமை பெரிதுதான். ஆனால் பை மெலிந்தவனுக்கு விலைப்பட்டியல் அந்த உரிமையைத் தருவதில்லை. எதைக் கேட்கக் கூடாது என்பதையே சொல்கிறது. ஆச்சியின் கூடத்தில் ஜவுளி வியாபாரிக்கும் தறிக்காரர் மகனான எனக்கும் ஒரே கரண்டிதான். நமக்காக ஒருவர் தேர்ந்தெடுக்கலாம். குறைந்த நாளில் குறைத்து வாங்கும் மனம் அவருக்கு இருக்க வேண்டும்.