யாரோடு சாப்பிட்டாய்?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் ஒரே கேள்வி என்னைத் தேடி வருகிறது. மேடை நிகழ்ச்சியை வழிநடத்திவிட்டு இறங்கும்போதோ, உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியிலோ யாராவது ஒரு தாயாரோ தந்தையாரோ பக்கத்தில் வந்து நிற்பார். “பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்துல இடம் கெடச்சிருக்கும்மா. விடுதியில தங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. விடலாமா?” என்பார். விடுதி, முகாம், மன்றம், நண்பர்கள் என்று போனால் படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம் அந்தக் குரலிலேயே தெரியும்.

கைகழுவும் இடத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல என்னுடையது. அதனால் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஊரில் இரண்டு வீடா?

நான் 2010ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளியில் நான்காண்டு ஊடகப் படிப்பு. வீடு தெம்பனிசில், வளாகம் ஜூரோங் வெஸ்ட்டில். சிங்கப்பூர் சின்ன ஊர் என்று சொல்பவர்கள் காலை ஆறே முக்காலுக்குத் தெம்பனிசில் ரயில் ஏறிப் பார்க்க வேண்டும். தீவின் குறுக்கே போய், பூன் லேயில் இறங்கி, 179ஆம் எண் பேருந்துக்கு வளைந்து நெளிந்து நிற்கும் வரிசையில் சேர்ந்து, வகுப்பில் உட்காரும்போது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். மாணவர்கள் அந்த வளாகத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘புலாவ் என்டியு’. மலாயில் புலாவ் என்றால் தீவு. தீவுக்குள் இன்னொரு தீவு.

விடுதியில் தங்குகிறேன் என்றதும் அப்பா, “ஒரே ஊர்ல ரெண்டு வீடா?” என்றார். அம்மாவுக்குக் காசு கவலையில்லை, “பொம்பளப் பிள்ளைய வெளியில தங்க விட்டா நாலு பேர் என்ன பேசுவாங்க?” என்பதுதான் கவலை. முதல் பருவம் முழுவதும் போய்வந்தேன். ஒரு திங்கட்கிழமை அம்மா என்னோடு கிளம்பி வந்தார். கூட்டத்தில் நின்றபடியே பூன் லேவரை வந்தவர், பேருந்து வரிசையைப் பார்த்துவிட்டு, “அறை கெடைச்சா எடுத்துக்க” என்றார். இரண்டாம் பருவத்தில் ஓர் அறை காலியானது.

அதுவரை பாடம் எதுவும் தவறிப்போகவில்லை. தவறிப்போனவை மாலைகள்தான். குழுவினர் ஏழு மணிக்குக் கூடி, ஒன்பது மணிக்குத்தான் சிரிக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருப்பேன்.

பதின்மூன்று வாரம்

பெற்றோருக்கு அந்தப் படிப்பின் ஓட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பருவத்தில் 13 வாரம் பாடம் நடக்கும். ஏழு வாரம் முடிந்ததும் ஒரு வார இடைவேளை. அதற்குப் பெயர்தான் விடுமுறை. பாதிப்பேர் அந்த வாரத்தில்தான் மிச்சம் வைத்த வேலையை முடிப்பார்கள். பிறகு ஆறு வாரம், தொடர்ந்து தேர்வு. மொத்தச் சராசரி ஐந்து புள்ளிக்குக் கணக்கிடப்படும். நான்கரைக்கு மேல் இருந்தால்தான் உயர்ந்த நிலைத் தேர்ச்சி.

இதில் மாணவர்கள் பயத்தோடு பேசும் இன்னொன்று, மணி வடிவ வளைவு. நீ எவ்வளவு நன்றாகச் செய்தாய் என்பதோடு, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதும் உன் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் என்ற எண்ணம். பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்தால், அவர்களில் பாதிப்பேர் கீழ்ப்பாதியில்தான் இருக்க முடியும். வாழ்க்கையில் முதன்முறையாக ‘சி’ வாங்கிய பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் சொல்லத் தெரியாது. வகுப்பில் சொல்ல மனம் வராது.

ஆனால் அதே வகுப்பில்தான் குழுப்பணியும் உண்டு. போட்டியாளராக நினைப்பவரோடு சேர்ந்து இரவு இரண்டு மணிவரை காணொளித் தொகுப்பு செய்ய வேண்டியிருக்கும். எங்கள் பள்ளியில் மாணவர் செய்தித்தாளான ‘தி நன்யாங் கிரோனிக்கல்’ அச்சுக்குப் போகும் சமயங்களில் சிலர் அறைக்கே திரும்பமாட்டார்கள். தேசிய சேவை முடித்து வந்த ஆண்கள் எங்களைவிட இரண்டு வயது மூத்தவர்கள். எதற்கும் பதறாத அவர்களைப் பார்த்தே நாங்கள் கொஞ்சம் தைரியம் பெற்றோம்.

புள்ளிக் கணக்கு

விடுதிக்குள் போனதும் இன்னொரு தேர்வு காத்திருந்தது. அடுத்த ஆண்டும் அறை வேண்டுமென்றால் புள்ளிகள் சேர்க்க வேண்டும். விடுதிக்காக விளையாடினால் புள்ளி, நடனக் குழுவில் சேர்ந்தால் புள்ளி, நிர்வாகக் குழுவில் பொறுப்பு ஏற்றால் கூடுதல் புள்ளி. பந்தைத் தொட்டே இராத என் அறைத்தோழி, வலைப்பந்துக் குழுவில் மாற்று ஆட்டக்காரராகப் பெயர் கொடுத்தாள். ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்து போனாள். குழுவில் எல்லாருக்கும் அவளைப் பிடித்துப்போனது.

பழகுவதற்கும் மதிப்பெண் போடுகிறார்களே என்று அப்போது சிரிப்போம். அதில் உண்மையும் இருந்தது. ஐந்து குழுக்களில் இருந்துகொண்டு, ஒருவரோடும் மனம்விட்டுப் பேச நேரமில்லாதவர்கள் இருந்தார்கள். மன்றக் கூட்டம் நடத்தியே சராசரியைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு. பெற்றோரின் பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 2016ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், புதிய மாணவர்களுக்கான அறிமுக நடவடிக்கைகளில் முறையற்ற விளையாட்டுகள் நடந்ததாகச் செய்தி வெளியானதும், மாணவர்கள் நடத்திய அந்த நடவடிக்கைகளையே நிறுத்திவைத்தது. கூட்டத்தோடு சேர்வதற்காக வேண்டாததற்கும் தலையாட்டும் வயது அது. “எனக்கு இது பிடிக்கல” என்று சொல்லி எழுந்துவரும் பழக்கத்தை வீட்டிலேயே கொடுத்து அனுப்ப வேண்டும்.

மூன்று ஊர்த் தமிழ்

எனக்கு நண்பர்கள் கிடைத்தது புள்ளி கிடைக்காத இடத்தில். இரவு பதினொரு மணிக்கு மாடியிலுள்ள சிறு சமையலறையில் யாராவது மேகி கிண்டுவார்கள். வாசம் பிடித்து இரண்டு பேர் வருவார்கள். கையில் காசு இருக்கும் நாள்களில் பரோட்டாவும் தேத்தாரேயும். தமிழ் இலக்கிய மன்றத்தில் அறிமுகமானவர்களும் வந்து சேர, எட்டுப் பேர் கூடும் வழக்கமான மேசை ஒன்று உருவானது.

அந்த மேசையில் மூன்று ஊர்த் தமிழ் இருந்தது. சிங்கப்பூரில் வளர்ந்த நாங்கள், எல்லை தாண்டி வந்த மலேசிய மாணவர்கள், உபகாரச் சம்பளத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். “பசியாறியாச்சா?” என்று நாங்கள் காலையில் கேட்டதும் மதுரைக்கார அக்கா ஒருவர், “எங்க ஊர்ல இது புத்தகத்துலதான் இருக்கு” என்று வியந்தார். அவர் ‘செம மொக்கை’ என்றபோது அது பாராட்டா திட்டா என்று தெரியாமல் நாங்கள் விழித்தோம். வானொலியில் இன்று எந்த ஊர் நேயர் அழைத்தாலும் தடுமாறாமல் பேசுகிறேன் என்றால், அதற்கான பயிற்சியை எந்த விரிவுரையும் தரவில்லை. அந்த மேசை தந்தது.

மற்ற வளாகங்களிலும் இப்படி ஒரு மேசை இருக்கத்தான் செய்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையினர் ‘சங்கே முழங்கு’ மேடை நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துவிட்டு, நள்ளிரவில் உணவங்காடியில் உட்கார்ந்து பேசிய கதைகளை அவர்களிடமே கேட்டிருக்கிறேன்.

வராதவள்

இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் மேசையில் பொறியியல் படித்த மலேசியத் தோழி ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு, எல்லாருடைய தட்டையும் அடுக்கி எடுத்துப்போய் வைப்பாள். ஒரு மார்ச் மாதம், இடைவேளை வாரம் முடிந்த பிறகு, அவள் இரண்டு இரவு வரவில்லை. பாடம் அதிகமாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம். மூன்றாம் இரவு, மதுரைக்கார அக்கா தட்டுகளைப் பார்த்துவிட்டு, “அவ வரலைன்னா தட்டெல்லாம் இங்கயே கெடக்கு. வாங்க, போய்ப் பாப்போம்” என்று எழுந்தார்.

கதவைத் தட்டியதும் உடனே திறக்கவில்லை. திறந்தபோது அறையில் பெட்டி பாதி அடுக்கியிருந்தது. முந்திய பருவத்தில் மூன்று பாடத்தில் தேறவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் படிப்பை விட்டுவிட்டு, கோலாலம்பூரில் ஏதாவது வேலை தேடிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்திருந்தாள். பல நாளாகச் சரியாகத் தூங்கவுமில்லை, சாப்பிடவுமில்லை.

நாங்கள் அறிவுரை சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது, எங்களுக்கும் இருபது வயதுதானே. அக்கா மைலோ கலந்து கொடுத்தார். விடியும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் பல்கலைக்கழக ஆலோசகரிடம் அவளைக் கூட்டிப்போனோம். ஒரு பருவம் விடுப்பு எடுக்கலாம், படிப்பை விட வேண்டியதில்லை என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. விடுப்பில் ஊருக்குப் போனாள். திரும்பி வந்தாள். எங்களுக்கு ஓராண்டு கழித்துப் பட்டம் வாங்கினாள். இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். பெயரைப் போடாமல் எழுதிக்கொள் என்று அவளே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய பட்டமளிப்பு நாளில் அவள் அப்பா எங்களிடம் சொன்னது ஒன்று மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை. “உங்ககிட்ட சொல்லியிருக்கா. எங்கிட்டச் சொல்லலையே, ஏம்மா?” அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அவர் கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தார் என்பதால்தான் அவளால் சொல்ல முடியவில்லை என்பதை எங்களில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பேருந்தில் வருவோருக்கு

அப்படியானால் விடுதியில் சேர்த்தால்தான் பிள்ளை பிழைக்குமா? இல்லை. எல்லாருக்கும் அறை கிடைப்பதில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாவதும் இல்லை. எங்கள் மேசையில் உட்லண்ட்ஸிலிருந்து தினமும் வந்துபோன நண்பர் ஒருவர் இருந்தார். செலவுக்காக வாரத்தில் நான்கு நாள் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தார். புதன்கிழமை மாலையை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டார். அன்று எங்களோடு சாப்பிட்டுவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிப்பார். நான்காண்டும் அந்த ஒரு மாலை அவருக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு புதன் அவர் வராவிட்டால் எட்டுப் பேரில் ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பிவிடுவார்.

மேசை எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. தேர்ந்தெடுக்கும் மன்றம் தமிழ் மன்றமாகவோ, மலையேறும் குழுவாகவோ, ஆய்வுக்கூட நண்பர்களாகவோ இருக்கலாம். நாம் வரவில்லை என்றால் கவனிக்கிற நான்கு பேர் வேண்டும். அப்படி நான்கு பேர் கிடைக்க, வேலையில்லாமல் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரம் கொஞ்சம் தேவைப்படுகிறது. வீட்டில் அந்த நேரத்துக்குத்தான் ‘வெட்டிப்பேச்சு’ என்று பெயர்.

ஜூரோங் வட்டார ரயில் பாதை 2029ல் அந்த வளாகத்தை எட்டும் என்று திட்டமிடப்பட்டுள்ளது. அப்போது தெம்பனிஸ் பிள்ளைகளுக்கு 179ஆம் எண் வரிசை இருக்காது. பயணம் எளிதாகும், பாடம் எளிதாகாது.

ஆகஸ்ட்டில் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு என் பதில் இவ்வளவுதான். விடுதியோ வீடோ, உங்கள் வசதிப்படி முடிவெடுங்கள். ஆனால் தொலைபேசியில் “டெஸ்ட் எப்படிப் போச்சு?” என்று கேட்பதற்குமுன், “இன்னிக்கு யாரோட சாப்பிட்ட?” என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர்கள் வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். “தனியாத்தான்” என்ற பதிலே பல நாள் தொடர்ந்து வந்தால், அந்த வார இறுதியில் ஒரு தூக்குச்சட்டியில் பிரியாணியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பற்றி அன்றைக்கு மட்டும் பேசாதீர்கள்.