மானுக்கு ஒரு வேலி

தமிழில் மான் என்று பேச்செடுத்தால் கண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். மருண்ட பார்வை, மான்விழி, மான் நடை. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் நானும் இதைத்தான் படித்தேன், பரீட்சையில் எழுதினேன். மானுக்கு வாய் இருக்கிறது, வயிறு இருக்கிறது, ஒரு குடும்பத்தின் மூன்று மாசத்துக் காயை ஒரே ராத்திரியில் மேய்ந்துவிட்டுப் போகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அது எங்கம்மாவுக்குத் தெரியும். காட்டோரம் குடியிருக்கிற எங்கள் காலனிப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்களிடம் மானைப் பற்றிக் கேட்டால் அவரைக்கொடியைப் பற்றிச் சொல்வார்கள்.

செங்கம் பக்கத்தில், ஜவ்வாது மலை இறங்கி வந்து முடிகிற இடத்தில் எங்கள் ஊர். ஊர் என்று சொல்வது பழக்கதோஷம். ஊர் ஏரிக்குக் கீழே, நஞ்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் இருப்பது காலனி. அரிசன நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்க 1978இல் தமிழ்நாட்டில் தனியாக ஒரு சட்டமே வந்தது. சட்டம் வந்தால் மனசும் வந்துவிடுமா? வீட்டுமனைக்கு இடம் தேடியபோது ஊருக்குப் பக்கத்தில் ஒரு செண்ட் விட யாருக்கும் மனசில்லை. சரளையும் உண்ணிமுள்ளும் கிடந்த மேட்டைக் காட்டிவிட்டார்கள். வீட்டுக்கு மூணு செண்ட். பின்வாசலில் நின்று கல் எறிந்தால் காட்டில் விழும். எங்களுக்கும் மானுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பதைக்கூட இந்த நாட்டில் சாதிதான் அளந்து வைத்திருக்கிறது.

மூணு செண்டில் வீடு போக, வாசல் போக, பின்னால் ஒரு செண்ட் மிஞ்சும். ஒரு செண்ட் என்றால் 435 சதுர அடி. அதில் ஒரு அவரைப் பந்தல், நாலு கத்தரி, பத்து மிளகாய்ச் செடி, ஒரு முருங்கை, கூரையேறின பூசணி, பாத்தியில் தண்டுக்கீரை. பாத்திரம் கழுவின தண்ணியும் குளித்த தண்ணியும்தான் பாசனம். இது ஒரு பெரிய தோட்டமா என்று கேட்கலாம். எங்க ஆயா காலத்தில் கீரை கிள்ள ஊரான் வரப்புக்குப் போகணும். கிள்ளினால் ஒரு பேச்சு கேட்கணும். ஒரு பூசணிக்காய்க்கு அரைநாள் களத்தைப் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். இன்றைக்குக் குழம்புக்குக் காய் வேண்டி எங்கம்மா யார் வாசலிலும் நிற்பதில்லை. அந்த ஒரு செண்டின் கணக்கு அதுதான்.

அவரையை ஆடியில் ஊன்றினால் பனிக்காலத்தில் பூவெடுத்து, தை மாசியில் காய் குலுங்கும். காடு காய ஆரம்பிப்பதும் அந்த மாசங்களில்தான். மலையில் புல் மஞ்சளாகிறபோது எங்கள் பந்தல் பச்சைப்பசேலென்று நிற்கும். புள்ளிமான் வராமல் என்ன செய்யும்? "அதுக்கும் வயிறு கீதில்ல" என்பாள் அம்மா. திட்டிக்கொண்டேதான் சொல்வாள்.

தின்றது யார் என்று அம்மா விடியற்காலையிலேயே சொல்லிவிடுவாள். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அதனால் அது கடிக்காது, பிய்த்து இழுக்கும். தண்டு நுனி நைந்து நார்நாராகக் கிடக்கும். முயல் என்றால் கத்தியால் சீவினமாதிரி சாய்வாக வெட்டு விழுந்திருக்கும். பன்றி என்றால் மண்ணே புரண்டு கிடக்கும். மான் நின்று நிதானமாக மெல்லுகிற சாதியும் இல்லை. அவசரமாக விழுங்கிவிட்டு மறைவில் போய்ப் படுத்து அசைபோடும். அதனால் நாம் ஒரு கோழித்தூக்கம் போட்டால் போதும், வேலை முடிந்துவிடும். கிடா பின்னங்காலில் எழுந்து நின்றால் பந்தலின் மேல் கொடியும் தப்பாது. மஞ்சள், இஞ்சி, துளசி, சேம்பு இவற்றைப் பெரும்பாலும் தொடாது. அதனால் ஓரத்தில் மஞ்சளும் உள்ளே கீரையும் வைக்கிறோம். கோடை முற்றின பசிக்கு முன்னால் இந்த ஏற்பாடும் நிற்பதில்லை.

முதலில் வேலிகாத்தான் முள்ளை வெட்டி வந்து வேலி அடைத்தோம். நாலடி முள்வேலியை மான் அலட்சியமாகத் தாண்டும். ஏழடி எட்டடி இருந்தால்தான் யோசிக்கும். அடியில் ஒரு முழம் சந்து கிடைத்தால் தாண்டவும் செய்யாது, தலையைக் கொடுத்து நுழைந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் கால் ஊன்றுகிற இடம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தாவத் தயங்கும். இந்தக் கடைசி சங்கதியை எங்கள் பெண்கள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படித்தவர்கள் சேலை வேலியைப் பார்த்துச் சிரிப்பார்கள். காட்டோரக் கொல்லைகளைச் சுற்றி வரிசையாகக் கட்டின பழைய சேலைகளைப் பஸ்ஸில் போகும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது மறைப்பு. மானுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, காற்றில் துணி படபடக்கும்போது மிரளும். எங்கள் கொல்லையில் பொங்கலுக்கு வந்த இலவசச் சேலை இருக்கிறது, அத்தையின் நீலச்சேலை இருக்கிறது, செத்துப்போன ஆயாவின் சேலையும் இருக்கிறது. கொஞ்ச நாளில் மானுக்கு அதுவும் பழகிவிடும். இடம் மாற்றிக் கட்டணும். முட்டையை அழுகவிட்டுக் கரைத்துத் தெளித்தால் நாற்றத்துக்கு ஒதுங்கும். ஒரு மழை பெய்தால் மறுபடி தெளிக்கணும்.

நாய் வளர்க்கலாமே என்பார்கள். வளர்த்தோம். சில வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாசத்தில் நாய்கள் துரத்திய மான் ஒன்று காலனி முனையில் முள்ளில் மாட்டிச் செத்துக் கிடந்தது. நாங்களே ஆள் அனுப்பித் தகவல் சொன்னோம். வந்த காக்கிச் சட்டைக்காரர்கள் செத்த மானைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் அடுப்பங்கரையைப் பார்த்தார்கள். வீடு வீடாகக் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்து மோந்தார்கள். ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு, ஒரு வீட்டில் மாட்டுக்கறி, எங்கள் வீட்டில் அதே அவரைக்காய். மான் செத்த இடத்துக்கு ஊர்க்காரர் கொல்லைகளும் பக்கம்தான். அங்கே ஒரு மூடியும் திறக்கப்படவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானைக் கொல்லக்கூடாது என்கிறது. சரியான சட்டம். கொல்லவேண்டும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டம் எந்தத் தெருவின் சட்டியை முதலில் திறக்கிறது என்பதைத்தான் கேட்கிறோம். அன்றிலிருந்து மானை வேலிக்கு வெளியிலேயே நிறுத்துவது காய்க்காக மட்டும் செய்கிற காரியமாக இல்லை. மானம் சம்பந்தப்பட்டதாகவும் ஆகிவிட்டது.

மிஞ்சுவது காவல். பின்வாசலில் கட்டிலைப் போட்டு, ஒரு தகரத்தையும் குச்சியையும் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். சருகு சலசலத்தால் தட்டுவாள். மறுநாள் காலையில் களையெடுக்கப் போகணும். குறிஞ்சிப்பாட்டைப் பாடம் படித்தபோது தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிற தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்தோம். தினைப்புனக் காவலை எங்களுக்குத் தலைவனும் தலைவியும் சந்திக்கத் தோதான இடமாகத்தான் நடத்தினார்கள். நாள் முழுக்கக் கத்திய தொண்டைக்கு யார் தண்ணி கொடுத்தார்கள் என்று வகுப்பில் கேள்வி வரவில்லை. அகப்பொருளில் காவல் ஒரு பின்னணி. எங்கள் தெருவில் காவல் என்பது கண் எரிச்சல், இடுப்புவலி, போன கூலி.

எங்க தாத்தா ஊர்க் களத்துமேட்டில் நெல் அம்பாரத்துக்குக் காவல் படுத்தவர். பனியில் ஒரு கோணிப்பையோடு படுப்பார். மாடு மேயாமல், திருடன் வராமல், பன்றி வராமல் பார்க்கணும். ஒரு படி குறைந்தால் திருடன் என்று முதலில் கட்டுவது அவரைத்தான். கிடைத்த கூலி பதர் கலந்த நெல். வெட்டியான், தோட்டி என்று எங்கள் சனத்துக்கு வைத்த பெயர்களில் பாதி ஊரார் விளைச்சலுக்கும் ஊரார் தண்ணிக்கும் காவல் நின்ற வேலையின் பெயர்கள். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வெள்ளாமையைக் காத்த சனம், தன் கொல்லைக்குத் தானே காவல் உட்காருவது எங்கள் குடும்பத்தில் எங்கம்மாவில்தான் தொடங்குகிறது. அவள் தகரம் தட்டுகிற சத்தத்தை நான் அப்படித்தான் கேட்கிறேன்.

ஊர்க்காரர்களின் பெரிய கொல்லைகளுக்கு இப்போது சூரிய மின்வேலி வந்துவிட்டது. விட்டுவிட்டு அடிக்கிற மின்சாரம், மான் மூக்கு பட்டால் உதறிக்கொண்டு ஓடும், சாகாது. மானியமும் உண்டு. கம்பத்தில் கொக்கி போட்டுத் திருட்டு மின்சாரம் விடுகிறவர்களும் உண்டு. அதில் மானும் பன்றியும் சாகும், விடிகாலையில் வேலைக்குப் போகிற கூலிக்காரரும் சாவார். சூரிய வேலி அந்த வகையில் மேல். ஆனால் அந்த வேலி மானைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. வரிசையாகக் கொல்லைகள் அடைபட்டதும் மான்கூட்டம் வேலி இல்லாத பக்கம் திரும்பியது. வேலி இல்லாத பக்கம் நாங்கள்.

மானியம் கேட்டு நாங்களும் போனோம். சிட்டா கேட்டார்கள். வீட்டுமனைப் பட்டாவைக் காட்டினோம். "இது மனை, விவசாய நிலம் இல்லை" என்றார்கள். விவசாய நிலம் ஏன் இல்லை என்று அந்த மேசையில் பதில் கிடைக்காது. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென்று ஒதுக்க உத்தரவான பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்த சங்கதி. நிலம் கைமாறிப் போனது, அதோடு மானியமும் போனது, கடைசியில் மானும் எங்கள் பக்கம் வந்தது. காட்டின் கதையும் இதே கதைதான். 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காட்டுக்கு எல்லைக்கல் நட்டு, விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போனவர்களைக் குற்றவாளியாக்கியது. வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று அதே காட்டில் புல்லை மூடிப் படர்ந்து கிடக்கிறது. மானுக்கு மேய்ச்சல் இல்லை. மானும் நாங்களும் ஒரே அதிகாரத்தால் ஓரம் கட்டப்பட்டவர்கள், ஒரு அவரைப் பந்தலுக்கு முன்னால் எதிரும் புதிருமாக நிற்கிறோம்.

போன வருஷம் பெண்கள் கூடிப் பேசினோம். வீட்டுக்கு வீடு தனி வேலி கட்டினால் சேலையும் போதாது, முள்ளும் போதாது. வரிசையாக இருக்கிற 23 வீட்டுப் பின்வாசலையும் சேர்த்து எட்டடிக்கு ஒரே வலைவேலி போடலாம் என்று யோசனை வந்தது. ஒரு பெரியவர் எழுந்தார். "நம்மள நாமே அடச்சிக்கறதா?" என்றார். கூட்டம் கம்மென்று ஆகிவிட்டது. சேரியைச் சுற்றி அடைப்பு என்றால் எங்களுக்கு வேறு நினைவுதான் வரும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் தெருவைப் பிரித்து நிறுத்தியிருந்த சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி மழையில் ஒரு உயர்ந்த சுற்றுச்சுவர் சரிந்து, பக்கத்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். செத்தவர்கள் தலித்துகள். அடைப்பு என்ற சொல்லையே எங்கள் சனம் சும்மா கேட்பதில்லை.

அம்மாதான் பதில் சொன்னாள். "அவன் போட்ட செவுரு நம்ம போவாம இருக்க. இது மானு வராம இருக்க. படலத் தொறக்கறதும் மூடறதும் நம்ம கையில கீதே." பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கம்பம் வெட்ட வருவதாகச் சொன்னார்.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நைலான் வலை வாங்கினோம். மூங்கிலும் வேலிகாத்தான் கழியும் கம்பம். வலையின் அடியை மண்ணோடு முளையடித்து, சந்தில்லாமல் செய்தோம். தொளதொளவென்று விட்டால் கொம்பு சிக்கும், மான் சாகும், மறுபடி சட்டியைத் திறப்பார்கள் என்பதால் இழுத்துக் கட்டினோம். வெறும் வலை மான் கண்ணுக்குத் தெரியாது என்று இடையிடையே சேலைக் கிழிசலும் கட்டியிருக்கிறது. மான் ஓடைக்குத் தண்ணிக்கு இறங்குகிற தடத்தை மட்டும் மறிக்கவில்லை. அதுவும் குடிக்கணும். இந்தத் தையில் எங்கள் பந்தலில் முதல் பறிப்பில் ரெண்டு முறம் காய் வந்தது.

வலை போதவில்லை. தெற்குப் பக்கம் ஆறு வீடு இன்னும் திறந்துதான் கிடக்கிறது. மனைப்பட்டா வைத்திருப்பவர்கள் சேர்ந்து கேட்டாலும் வேலி மானியம் கொடுக்கவேண்டும், காட்டோரக் காலனிகளுக்குச் சூரிய வேலியை அரசே அமைக்கவேண்டும், விலங்கு தின்ற காய்க்குப் பட்டா கேட்காமல் இழப்பீடு தரவேண்டும் என்று 23 வீட்டுப் பெண்களும் கையெழுத்தும் கைரேகையும் வைத்து மனு கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை. அதுவரை தெற்குப் பக்கத்துக்கு முறைபோட்டுக் காவல் இருக்கிறோம். எங்கள் வீட்டு முறை செவ்வாயும் வெள்ளியும்.