பொழுது விடிந்ததா?

வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்றுக்கு நம் முன்னோர் ‘வாடை’ என்று பெயரிட்டனர். பிரிந்தோர்க்குத் துயரை மிகுவிக்கும் காற்றென்றே சங்கப் பாடல்கள் அதனைப் பேசுகின்றன. அவ்வாடை வரும் திசையை நோக்கியே பிழைப்பை நாடி வந்தவர்கள் நாம். தில்லியில் கம்பளிச் சட்டைக்கும் ரஜாய்க்கும் பழகிக் குளிரை வென்றுவிட்டதாக எண்ணியிருந்தோம். குளிரோடு வந்து உள்ளத்தில் குடிபுகும் மற்றொன்றை மட்டும் நெடுங்காலம் அறியாதிருந்தோம். அதனை எங்களுக்கு அறிவித்தவர் எங்கள் அம்மா.

தந்தையார் மறைந்தபின், கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை இங்கே அழைத்து வந்தோம். நவராத்திரிக்குக் கொலு வைத்தார். தீபாவளிக்கு மருந்து கிளறினார். வீடு கலகலப்பாகவே இருந்தது. கார்த்திகை கழிந்ததும் அவரிடம் ஒரு மாறுதல் தென்பட்டது. ஊரில் மார்கழி விடியலுக்கு முன்பே எழுந்து வாசலில் கோலமிட்டவர், இங்கே ஒன்பது மணிக்கும் ரஜாயை விட்டு எழவில்லை. பேச்சு குறைந்தது. மலைமந்திருக்கு அழைத்தால், “நீங்க போயிட்டு வாங்கப்பா” என்பார். நாள்தோறும் காலையில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: “பொழுது விடிஞ்சுதா, இல்லையாப்பா?”

அதனை ஊர் நினைவில் எழுந்த புலம்பல் என்றே கொண்டோம். ஒருநாள், “எல்லாரும்தானே குளிர்ல இருக்கோம்? நீ மட்டும் ஏம்மா இப்படி இருக்கே?” என்று கடிந்தும் பேசினோம். அவர் மறுமொழி கூறவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதனை நினைக்குந்தோறும் இன்றும் நாணுகிறோம்.

குளிரே காரணமென்று கருதி ஹீட்டர் வாங்கினோம், சன்னல்களை அடைத்தோம், தடித்த திரைகளைத் தொங்கவிட்டோம். அறை வெதுவெதுப்பாயிற்று. அம்மாவோ மேலும் வாடினார். பொங்கலன்று பானையில் அரிசியிடவும் அவர் எழாதபோதுதான் மருத்துவரை நாடினோம். அவர் இரத்தச் சோதனைகள் செய்வித்தபின், “பகல் வெளிச்சத்தில் இவர் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறார்?” என்று வினவினார். எங்களிடம் விடை இல்லை.

பின்னர் இதுபற்றிப் படித்தறிந்தோம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தோன்றி வேனிலில் நீங்கும் மனச்சோர்வை, 1984-இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தாலும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் தனியொரு நோயாக விவரித்தனர். கண்வழிப் புகும் காலையொளியே நம் உடலின் கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. உறக்கமும் ஊக்கமும் அதனைச் சார்ந்தவை. டிசம்பர் 21 அளவில் கும்பகோணத்தில் பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரம். தில்லியிலோ 10 மணி 20 நிமிடமே. அதிலும் ஒரு பகுதியை மூடுபனி விழுங்கிவிடுகிறது. எஞ்சியதைத் திரையிட்டு மறைத்தவர்கள் நாங்கள்! அம்மா கேட்டது புலம்பலன்று. உண்மையாகவே அவ்வறையில் அவருக்குப் பொழுது விடியவில்லை.

மறுநாள் முதல், பனி விலகியவுடன் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றோம். அங்கே அக்கம்பக்கத்துப் பஞ்சாபிப் பெண்டிர் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, வெயில் காய்ந்தவாறே பட்டாணி உரித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. முதல் நாள் வெறுமனே அமர்ந்திருந்தார். நான்காம் நாள் அவர் மடியிலும் ஒரு முறம் பட்டாணி இருந்தது. நாங்கள் பல ஆண்டுகளாகக் குளிருக்கு அஞ்சிக் கதவடைத்திருக்க, அப்பெண்டிரோ குளிர்காலத்தில் வாழும் வகையை வழிவழியாக அறிந்திருந்தனர்!

வெயில் ஒன்றே அனைத்தையும் தீர்த்ததென்று கூறோம். கணவரை இழந்த துயருக்கு வெயில் மருந்தாகாது. மருத்துவர் அளித்த மாத்திரையும் சில மாதங்கள் தேவைப்பட்டது. புகைமூட்டம் மிகுந்த நாட்களில் முதியோர் வெளியே அமர்தலும் நன்றன்று. அந்நாட்களில் திரையை விலக்கிச் சன்னலருகே நாற்காலி இடுகிறோம். ஆயினும், மாசி பிறக்குமுன்னரே அம்மா மீண்டும் அடுக்களைக்கு வந்தார். சாம்பாரில் உப்புக் குறைவென்று குற்றம் கூறினார். அக்குற்றச்சாட்டைக் கேட்டு நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இதனை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்குக் கம்பளி வாங்கித் தருகிறோம்; வெளிச்சம் தர மறந்துவிடுகிறோம். இரண்டு வாரங்களுக்கு மேல் ஒருவர் சோர்ந்தே இருப்பாராயின், அதனைப் பிடிவாதமென்றோ முதுமையென்றோ ஒதுக்கிவிட வேண்டா. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவிக்கு 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

உங்கள் இல்லத்திலும் யாரேனும், பொழுது விடிந்ததா என்று கேட்பாராயின், எங்களைப் போல் கடிந்துரையாதீர்கள். முதலில் திரையை விலக்குங்கள்.