தெற்கு எந்தப் பக்கம்?

தம்பி ஒருத்தன் போன்ல,
"அண்ணே, மோட்டார்ல காந்தம் ஒட்டிட்டேன், ஆர்பிஎம் வரவே மாட்டேங்குது."
திருப்பி ஒட்டச் சொன்னேன்.
வந்துருச்சு!

காரணம், காந்தம் கடக்குறதை எண்ணுற ஏ3144 ஹால் சென்சாருக்குத் தெற்கு முனை மட்டும்தான் தெரியும்.
அதுவும் எழுத்து அச்சடிச்ச முகத்துக்கு நேரா வரணும்.

யுஎஸ்1881 வேற ரகம், லாட்ச்.
தெற்கு வந்தா ஆன். வடக்கு வந்தாதான் ஆஃப்.

எனக்குப் பிடிச்ச வழி, எதிரெதிரா ரெண்டு காந்தம்.
ஒண்ணோட தெற்கு வெளியே, இன்னொண்ணோட வடக்கு வெளியே.
தண்டு அதிராது, ரெண்டு சென்சாருக்குமே சுத்துக்கு ஒரு பல்ஸ். என்ன அழகு!

சாதாரண நியோடிமியம் 80 டிகிரி தாண்டினா பலம் இழக்கும்.
கொதிக்கிற மோட்டாருக்கு ஃபெரைட்டே போதும், பெருசா வைங்க.

உங்க மோட்டார்ல எது ஒட்டியிருக்கீங்க?