நல்ல தண்ணீர்க் கோடும் உப்புத் தண்ணீர்க் கோடும்

வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளின் அடிவாரத்தில், ஆற்றின் தலைப்பகுதியை மூல வைகை என்று மக்கள் வழங்கும் ஊர்களில், புதிதாக எழும் மாடி வீடுகளின் குழாய்ப் பணி இரண்டு இடங்களில் நடைபெறுகிறது. கணினித் திரையின் முன் அமர்ந்து வரையும் வரைவாளரின் மேசை ஒன்று. பூசாத செங்கல் சுவரில் காடி வெட்டிக் குழாய் பதிக்கும் பிளம்பரின் பணியிடம் மற்றொன்று. இவ்விருவரும் பெரும்பாலும் நேரில் சந்திப்பதில்லை என்பதால், ஒருவர் நினைத்ததை மற்றவருக்குச் சொல்லும் பொறுப்பு முழுவதும் ஒரு தாளின் மீதும், அத்தாளில் உள்ள கோட்டு வகைகளின் மீதும் விழுகிறது. கோட்டு வகை என்பது ஒரு கோட்டின் நிறம், தடிமன், அது தொடர்ந்தோ விட்டுவிட்டோ செல்லும் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த தோற்றமாகும்.

ரெவிட் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் குழாய் வெறும் கோடாக வரையப்படுவதில்லை. ஒவ்வொரு குழாயும் ஏதேனும் ஒரு குழாய் அமைப்பைச் சேர்ந்ததாகவே பதிவாகிறது. வீட்டுக் குளிர்நீர், வீட்டு வெந்நீர், கழிவுநீர், காற்றுப்போக்கி, தீயணைப்பு என்ற அடிப்படைப் பிரிவுகளை மென்பொருளே வகுத்துத் தந்துள்ளது. பயனர் புதிய பிரிவு எதையும் சேர்க்க இயலாது. தமிழகத்து வீட்டின் இயல்போ அந்தப் பட்டியலுக்குள் அடங்குவதில்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வரும் நல்ல தண்ணீர் தரையடிச் சம்புக்கும், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் மாடித் தொட்டிக்கும் செல்லும் வீட்டில், குளிர்நீர் என்பது ஒன்றன்று, இரண்டு. சமையலறைக் குழாய் எதனோடு இணைகிறது என்பதில் பிழை நேர்ந்தால், தரை ஓடு பதித்த பின்னரே அது நாக்கில் தெரியவரும். எனவே விவரம் அறிந்த வரைவாளர் குளிர்நீர் என்னும் பிரிவின்கீழ் உள்ள வகையைப் படியெடுத்து, ஒன்றுக்கு நல்ல தண்ணீர் என்றும் மற்றொன்றுக்குப் போர் தண்ணீர் என்றும் பெயரிட்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கோட்டு வகையை அமைத்துவிடுகிறார். கழிவுநீரிலும் இதே சிக்கல் உண்டு: கழிப்பறைக் கழிவுக்கும் குளியலறைச் சோப்புத் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய் இறக்குவது இங்குள்ள வழக்கமாக இருக்க, மென்பொருள் இரண்டையும் ஒரே பிரிவில் அடைக்கிறது.

கோட்டு வகையைத் தேர்வதில் நிறமே முதலில் கைகொடுப்பதுபோல் தோன்றும். திரையில் நீலமும் சிவப்பும் பச்சையும் பளிச்சென்று பிரிந்து நிற்பதால் வரைவாளர் அதிலேயே நிறைவடைந்துவிடுகிறார். ஆனால் பணியிடத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதியே. அதில் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பல். சிமெண்ட் தூசி படிந்து, நான்காக மடிந்து, மடிப்பில் தேய்ந்த அத்தாளில் எஞ்சுவன தடிமனும் கோட்டின் அமைப்புமே. தடிமனுக்கும் எல்லை உண்டு: ரெவிட் 16 தடிமன்களை வழங்கினாலும், ஏ3 பிரதியில் மூன்றுக்கு மேல் கண்ணால் பிரித்தறிவது அரிது. ஆகவே நல்ல தண்ணீருக்குத் தொடர்கோடு, போர் தண்ணீருக்கு நீண்ட இடைவிட்ட கோடு, வெந்நீருக்குக் கோடும் புள்ளியும் மாறிமாறி வரும் அமைப்பு என வகுப்பதே பணியிடத்தில் செல்லுபடியாகும். நிறத்தை அதன்மேல் ஓர் உபரியாகக் கொள்வதே முறை.

இடைவிட்ட கோட்டிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஆட்டோகேடில் கோட்டின் நடுவே எழுத்துகளைப் பதிக்கும் வசதி உண்டு. வெந்நீரைக் குறிக்கும் எச்.டபிள்யூ. என்ற எழுத்துகள் இடையிடையே வரும் கோடு அம்மென்பொருளோடு வரும் கோப்பிலேயே உள்ளது. ரெவிட்டின் கோட்டமைப்பிலோ கோடு, புள்ளி, இடைவெளி ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்க முடியாது; எழுத்து வேண்டுமெனில் குழாயின் மீது தனியே குறிச்சீட்டு ஒட்ட வேண்டும். மேலும், முழங்கை இணைப்புக்கும் டீ இணைப்புக்கும் இடைப்பட்ட குட்டையான குழாய்த் துண்டில் கோட்டமைப்பின் ஒரு சுற்று முழுமையாக அடங்காதபோது, அத்துண்டு தொடர்கோடாகவே அச்சாகிவிடுகிறது. குளியலறைதான் குழாய்கள் மிக நெருங்கும் இடம் என்பதால், எங்கே வேறுபாடு மிகுதியாக வேண்டுமோ அங்கேயே அது மறைகிறது. இதற்கு மருந்து, கோட்டமைப்பின் அளவுகளைக் குறுக்குவதும், குளியலறையை மட்டும் பெரிய அளவையில் தனிப்படமாகத் தருவதுமே.

பிளம்பருக்கோ வேறொரு நிற ஒழுங்கு கையிலேயே இருக்கிறது. குளிர்நீருக்கான யுபிவிசி வெள்ளை. வெந்நீரைத் தாங்கும் சிபிவிசி வெளிர்மஞ்சள். கழிவுக்கான பிவிசி சாம்பல். வெந்நீர் எது, குளிர்நீர் எது என்பதைக் கையில் எடுத்த குழாயே சொல்லிவிடுகிறது. நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் மட்டும் அது சொல்வதில்லை; இரண்டும் ஒரே வகை வெள்ளைக் குழாயில்தான் ஓடுகின்றன. அனுபவமுள்ள பிளம்பர் அழுத்தச் சோதனை முடிந்ததும், பூச்சு வேலை தொடங்கும் முன், ஒவ்வொரு குழாய் முனைக்கும் அருகில் சாக்கட்டியால் எழுதி, சுவரைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்கிறார்.

வரைவாளரிடம் எஞ்சுவது ஒரு பராமரிப்பு வேலை. ஒருமுறை வகுத்த அமைப்புகளை வார்ப்புருக் கோப்பில் சேமித்து, அடுத்த வீட்டின் படத்தை அதிலிருந்தே தொடங்க வேண்டும். குழாய் அமைப்பின் வகையிலேயே தரும் தோற்றம் எல்லாப் படங்களுக்கும் பொருந்துவது, மென்பொருளின் வடிகட்டி (ஃபில்டர்) மூலம் தரும் தோற்றம் குறிப்பிட்ட படத்துக்கு மட்டும் உரியது என்ற வேறுபாட்டை மறவாமல், அவசரத்துக்கு ஒரு படத்தில் செய்த திருத்தத்தை அங்கேயே விட்டுவிடாமல், வகைக்கே கொண்டுசேர்க்க வேண்டும். படத்தின் ஓரத்தில் வரும் குறிவிளக்கப் பட்டியலில், போர் தண்ணீர் என்பதைத் தமிழிலேயே எழுதிவிடுவது எவருக்கும் கூடுதல் வேலையன்று.