டீ குடிக்கப் போகலாமா என்று பக்கத்தைக் கேட்ட காலம்

போர்ட் பிளேரின் ஜங்லிகாட்டில் பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலத்தில் எங்களுக்கு நெட் வானத்திலிருந்துதான் இறங்கியது. கேட்டது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கி, பதிலும் அதேபோல ஏறி இறங்கி வருவதற்குள் அரை நொடி ஓடிவிடும். அரை நொடிதானே என்று தோன்றும். ஒவ்வொரு படத்தையும் பிரவுசர் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் என்பது தெரிந்தால் தோன்றாது. மழை பிடித்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அதனால் படங்களை எண்ணினோம். கடைக்கார அண்ணன்தான் சொல்லித்தந்தார். முகவரிக் கட்டத்தில் 'ஜாவாஸ்கிரிப்ட்', ஒரு முக்காற்புள்ளி, 'அலர்ட்', அடைப்புக்குள் 'டாக்குமென்ட்.இமேஜஸ்.லெங்த்'. என்டர் தட்டினால் சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி, பக்கத்தில் ஓர் எண். ஐம்பது அறுபது என்று காட்டினால் ஜெட்டிப் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

அந்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. அன்றைய பக்கங்கள் டேபிளால் கட்டியவை. இடைவெளி விடுவதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத 1 பிக்சல் கிஃப் படத்தை அங்கங்கே செருகியிருப்பார்கள். ஒரே கோப்பு என்பதால் எத்தனை இடத்தில் இருந்தாலும் ஒருமுறை இறங்கினால் போதும். ஃபார் லூப் போட்டு, பூஜ்ஜியத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்தக் கோப்பைக் கழித்துவிட்டு எண்ணினால்தான் டீக்கு நேரமிருக்கிறதா என்று தெரியும்.

சிபிஎஸ்இ ரிசல்ட் நாளில் கடை நிரம்பி வழியும். பிரிண்ட் எடுக்குமுன் படங்களைத் தூக்கினால் மை மிச்சம். முதலிலிருந்து தூக்கினால் ஒன்று விட்டு ஒன்று அப்படியே நிற்கும். அந்தப் பட்டியல் உயிருள்ளது. முதல் படம் போனதும் இரண்டாவது அதன் இடத்துக்கு வந்துவிடும், லூப்போ அடுத்த எண்ணுக்குத் தாவியிருக்கும். "மண்ணெண்ணெய் வரிசை மாதிரிடா. ஒருத்தன் போனா எல்லாரும் முன்னால நகருவான். கடைசியிலேர்ந்து வா" என்பார் அண்ணன்.

2006-இல் ஜேக்வெரி வந்து 'ஈச்' என்ற ஒரே சொல்லில் இந்தச் சுற்றலை அடக்கியது. பின்னால் வந்த 'குவெரிசெலக்டர்ஆல்' தரும் பட்டியல் நகராது, எடுத்தபடியே நிற்கும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிளைத் திறந்தார்கள், சுமார் 2,300 கிலோமீட்டர். படங்களை எண்ணும் தேவையே போயிற்று. 2024-இல் போர்ட் பிளேர் என்ற பெயரும் போய் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

நான் இன்றும் கடைசியிலிருந்துதான் வருகிறேன். இப்போது எதற்கு சார் என்கிறார்கள் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்கள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதில்லை.