சுமை விழுந்த இடம்

இங்கிலாந்தின் பெட்போர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்த ஜான் பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ 1678இல் வெளிவந்தது. கதை நாயகன் முதுகில் பாவச்சுமையோடு புறப்படுகிறான். அந்தச் சுமை எங்கே விழுகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். மோட்ச பட்டணத்தின் வாசலில் அல்ல. பயணம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே, சிலுவையண்டை வந்ததும் தானாக அவிழ்ந்து உருண்டுபோகிறது. அவன் மூன்று முறை துள்ளிக் குதித்து, பாடிக்கொண்டே மேலே நடக்கிறான். கடினமான மலையும் மாயச் சந்தையும் சந்தேகக் கோட்டையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சந்தோஷம் முதலில், பாடு பிறகு. இந்த வரிசையை எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் தன் வாழ்க்கையாலேயே காட்டியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். 1853இல் சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராக வந்து, கிறிஸ்தவர்கள் நடுவிலேயே இருந்தும் அவர் அவசரப்படவில்லை. 1858இல்தான் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு முடிவெடுப்பவர் உறவுகளின் கண்ணீரை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதை அறிந்தே நடந்தார்.

பன்யன் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் அச்சேறியது. இடையில் 36 ஆண்டுகள்! இளமையின் வேகம் அடங்கி, நோயும் முதுமையும் கண்ட பிறகும் ஒரு மனிதர் ஆயிரக்கணக்கான விருத்தங்களாகப் பாடித் தீர்க்கிறார் என்றால், அந்த மகிழ்ச்சி எவ்வளவு ஆழத்தில் ஊறியிருக்க வேண்டும். பன்யன் சுருக்கமாகக் கடந்துபோன சிலுவையின் முன் பிள்ளை வெகுநேரம் நிற்கிறார். இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடுகிறார். தன் சுமை இறங்கிய இடத்தை விட்டு நகர மனம் வராதவராகவே அவரை அங்கே நான் காண்கிறேன். கம்பனையும் ஆழ்வார்களையும் கற்ற நாவு அதே தமிழோடு கிறிஸ்துவிடம் வந்தது. நம் தேவாரப் பண்பாடு அந்தக் காப்பியத்துக்குள் இசைப்பாடல்களாகவே வந்து அமர்ந்திருக்கிறது.

எனக்கு அப்படிப்பட்ட முறிவு எதுவும் நேரவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. அன்று எனக்காக ஞானப் பெற்றோர் கொடுத்த வாக்கைத் திடப்படுத்தல் ஆராதனையில் நானே எழுந்து சொன்னேன். பரம்பரைக் கிறிஸ்தவருக்கும் அந்த ‘ஆம்’ வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்திட மறுக்கிற காலையில், மன்னிக்க மனமில்லாத ஒருவருக்காக ஜெபிக்க முழங்காலிடுகிற இரவில், அதை மறுபடி சொல்கிறேன். அப்போதெல்லாம் நெஞ்சில் ஒரு லேசு தெரியும். அதை நான் சம்பாதிக்கவில்லை. எனக்காக வேறொருவர் விலை கொடுத்திருக்கிறார். அதை நினைக்கும்போதுதான் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.

இப்போது எங்கள் சபையில் திடப்படுத்தலுக்கு ஆயத்தப்படும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண்பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “நான் இன்னும் நல்ல பிள்ளையா ஆகலையே சார், அதுக்குள்ள எப்படி வாக்குக் கொடுக்கிறது?”

லூக்கா 19ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். எரிகோவில் காட்டத்தி மரத்தில் ஏறியிருந்த சகேயு, ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இறங்கி வந்து, சந்தோஷமாக வீட்டுக்கு அழைத்துப்போகிறான். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்வது அதற்குப் பிறகு.

“மரத்துல இருந்து இறங்கும்போது அவன் யாருக்காவது ஒரு காசு திருப்பிக் கொடுத்திருந்தானாம்மா?” என்று கேட்டேன்.

அவள் விரலை வைத்து அந்த வசனங்களை இன்னொரு முறை வாசித்தாள். “இல்லை சார்” என்றாள். பிறகு ஆயத்த வகுப்பின் படிவத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள்.